கெமிக்கல் பீல் பண்ணப் போய் கன்னம் கறுத்த கதை

தங்கச்சி கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கும்போது, முகம் பளிச்சுனு இருக்கணும்னு வண்ணாரப்பேட்டைல ஒரு பார்லர்ல கெமிக்கல் பீல் பண்ணிக்கிட்டேன், அதாவது முகத்துல ஆசிட் தடவி மேல் தோலை உரிய வைக்கிறது. கிளைகோலிக் ஆசிட்னு சொன்னாங்க, எத்தனை பர்சன்ட்னு கேட்டதுக்கு "லைட்டு தான்க்கா"ன்னாங்க. அதோட விட்டேன் பாருங்க, அங்க தான் தப்பு.

முதல் நாள் சிவப்பு, எரிச்சல். மூணாம் நாள் மூக்கோரம் வெங்காயச் சருகு மாதிரி உரிஞ்சுது. இதெல்லாம் நார்மல், லைட் பீலுக்கு ஒரு வாரத்துல அடங்கிடும். நான் சும்மா இருந்தேனா, தொங்கின தோலை நகத்தால பிச்சேன், அப்புறம் எம்.சி. ரோட்ல பட்டப்பகல்ல ரெண்டு நாள் புடவைக்கு அலைஞ்சேன், சன்ஸ்கிரீனும் கிடையாது. ரெண்டே வாரத்துல கன்னத்துல காபி கறை மாதிரி திட்டு.

ஸ்கின் டாக்டர் பாத்துட்டு சொன்னாங்க, நம்ம மாதிரி மாநிறத் தோல் புண்ணாச்சுன்னா தோலுக்கு நிறம் தர்ற மெலனின் அதிகமா சுரந்து கறுத்துடும், மங்க மாசக்கணக்காகும்னு. உதட்டுல அடிக்கடி ஹெர்பிஸ் கொப்புளம் வர்றவங்களுக்கு பீலுக்கு அப்புறம் அது திரும்ப கிளம்புமாம், முன்னாடியே மாத்திரை தருவாங்களாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடறவங்க மறைக்காம சொல்லிடணும். ஆழமான பீல்னா தழும்பு, இன்ஃபெக்ஷன் பயமும் இருக்கு. ஃபீனால்ங்கிற கெமிக்கல் வச்சு பண்ற ஆழமான பீல்ல இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்னு மானிட்டர் மாட்டித்தான் பண்ணுவாங்களாம், கேட்டதும் எனக்கு பக்குனு ஆச்சு.

பார்லர்ல இதுல ஒண்ணாவது கேட்டாங்களா? "புருவமும் சேத்து எடுத்துடவாக்கா"ன்னு தான் கேட்டாங்க.

கல்யாண ஆல்பத்துல எல்லா போட்டோலயும் இடது கன்னத்தை அந்தப் பக்கம் திருப்பிட்டு நிக்கிறேன்.