நெத்திலியும் இரண்டு சோற்றுப் பானைகளும்: இஸ்தான்புல்லில் ஒரு பிலிப்பினோ – துருக்கிக் குடும்பத்தோடு

இஸ்தான்புல்லுக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் அயா சோஃபியாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நானும் பார்த்தேன், அதன் குவிமாடத்துக்கு முன்னால் வாயடைத்துத்தான் நின்றேன். வெளிநாட்டவருக்கு 2024 முதல் 25 யூரோ நுழைவுக் கட்டணம் என்பதால், நிற்கும்போதே மனம் மீதிப் பணத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஆனால் இந்தப் பயணத்தில் என்னை முழுதாகப் பிடித்துக்கொண்டது அந்த மாபெரும் கட்டடமல்ல; நகரின் ஆசியப் பகுதியில், கார்தாலில், ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்தில் இருக்கும் ஒரு வீடு. துபாயில் என்னோடு ஒரு ஹோட்டலின் வரவேற்புப் பிரிவில் பணியாற்றிய பிலிப்பினோத் தோழி, அங்கே கட்டுமான வேலைக்கு வந்திருந்த துருக்கிய மின்பொறியாளரை மணந்துகொண்டு இப்போது அந்த வீட்டில்தான் வாழ்கிறார். ஜனவரி விடுமுறையில் அவர்களோடு தங்கினேன்.

எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், எங்கே சாப்பிடலாம் என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதற்கு முன்பு விமான நிலையத்தில் வாய்த்த டாக்சிக்காரரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

சபிஹா கெக்சென் விமான நிலையத்திலிருந்து கார்தால் வழியாகக் கடிக்கோய் வரை மெட்ரோ ரயில் இருக்கிறது. 2022 முதல் விமான நிலையத்துக்குள்ளேயே நிலையம் வந்துவிட்டது. என் விமானம் தரையிறங்கியதோ வார நாளின் நள்ளிரவுக்குப் பிறகு. மெட்ரோ நின்றுவிட்டதால் டாக்சியைத் தவிர வேறு வழியில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு ஓட்டுநர் மீட்டரைப் போட மறுத்து, தோழி முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த கட்டணத்தைப்போல் மூன்று மடங்கு கேட்டார். இரவு நேரம், பெட்டி அதிகம், வெளிநாட்டவருக்கு இதுதான் விலை என்று அவர் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனபோது நான் தோழியை அழைத்துக் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டேன். துபாயில் விருந்தினர் எரிந்து விழுந்தாலும் தாழ்ந்த குரலில் பேசுகிற அந்தப் பெண், முதலில் 'ஆபி' (அண்ணா) என்று மரியாதையாகத் தொடங்கி, பிறகு ஒரே மூச்சில் துருக்கிய மொழியில் பொழிந்தார். எனக்குப் புரிந்தவை இரண்டே: நான் வாசித்துச் சொன்ன வண்டி எண், அடுத்து 153. அது மாநகராட்சியின் புகார் எண். ஓட்டுநர் வாய் திறவாமல் மீட்டரைப் போட்டார். இரவில் தனியாக வந்து இறங்கும் பெண்ணிடம் இப்படிப் பறிக்க முயல்வது அயோக்கியத்தனம். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் துருக்கிய மொழி எங்கிருந்து வந்தது என்று மறுநாள் காலை ஆலிவ், வெள்ளைப் பாலாடைக்கட்டி, தக்காளி, வெள்ளரிக்காய், சூடான ரொட்டி என்று மேசை நிறைந்திருந்த சிற்றுண்டியின்போது கேட்டேன். தோழி தன் மாமியாரைக் காட்டினார். மாமியார் அதே கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் குடியிருப்பவர்; கருங்கடற்கரையின் ட்ராப்ஸோன் பக்கத்துக்காரர். வந்த புதிதில் தோழியின் முகத்தைப் பார்த்ததும் கடைக்காரர்கள் இவர் சுற்றுலாப் பயணியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதோ பணக்கார வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள வந்தவராக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி விலையை ஏற்றிச் சொல்வார்களாம். பிலிப்பினோப் பெண்கள் பலர் இஸ்தான்புல்லின் வசதியான வீடுகளில் அந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதால் வந்த பார்வை இது. மாமியார் வாரச் சந்தைக்கெல்லாம் மருமகளைக் கூடவே அழைத்துப்போய், இவள் என் வீட்டுப் பெண் என்று கடை கடையாகச் சொல்லி, பேரம் பேசுவதையும் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

இவர்கள் திருமணம் இரண்டு நாடுகளில் இரண்டு முறை நடந்தது. துருக்கியில் 1926ஆம் ஆண்டிலிருந்து அரசுப் பதிவுத் திருமணம் மட்டுமே சட்டப்படி செல்லும். மணமக்களின் மதத்தைச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் காகிதம் கேட்கிறது. முன்பு மணமாகவில்லை என்று பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையம் தரும் சான்று, அங்காராவில் இருக்கும் தூதரகத்தின் சான்று, மொழிபெயர்ப்பு, முத்திரை என்று அலைந்திருக்கிறார்கள். பங்கசினான் மாகாணத்தில் தோழியின் ஊர்த் தேவாலயத்தில் மணம் முடிக்க, மணமகன் முஸ்லிம் என்பதால் ஆயரின் தனி அனுமதி வேண்டியிருந்தது. வெளிநாட்டவரை மணந்து குடிபெயரும் பிலிப்பினோக்கள் அரசு நடத்தும் ஆலோசனை வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழும் பெற வேண்டும். அதையும் முடித்துத்தான் தோழி மணிலாவில் விமானம் ஏறியிருக்கிறார். இத்தனை அலைச்சலுக்கு நடுவே ஓர் ஒற்றுமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இஸ்தான்புல்லில் உறவினர்கள் வரிசையில் வந்து மணமக்களுக்குச் சிவப்பு நாடா கட்டிய பொற்காசுகளைக் குத்திவிட்டிருக்கிறார்கள். பங்கசினானில் மணமக்கள் ஆடும்போது உறவினர்கள் பெசோ நோட்டுகளை உடையில் குத்திவிட்டிருக்கிறார்கள். இரண்டு ஊர் மொய்யும் குண்டூசியில்தான் தொங்கியது. தங்கத்தில் ஒரு பகுதியை விற்றுத்தான் மணிலாவுக்கு விமானச் சீட்டே வாங்கினார்கள்.

மதம் வேறு, மொழி வேறு என்பதால் இந்த வீட்டில் பெரிய சண்டைகள் இருக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் கண்ட வரையில் தினசரி உரசல் சோற்றில்தான் தொடங்குகிறது. துருக்கியர்களுக்குச் சோறு என்றால் வெண்ணெயில் வறுத்த சிறு சேமியாவும் உப்பும் சேர்ந்த பிலாவ். அதுவும் பக்க உணவுதான், வயிறு நிறைப்பது ரொட்டி. பிலிப்பினோக்களுக்கோ உப்பில்லாத வெறுஞ்சோறு மூன்று வேளையும் வேண்டும். மாமியாரின் கண்ணில் வெறுஞ்சோறு நோயாளிக்குக் கொடுக்கும் பத்தியம். ஆகவே மாலை ஆறு மணிக்கு அடுப்பில் ஒரு பானையில் பிலாவும், துபாயிலிருந்து தோழி சுமந்துவந்த மின்குக்கரில் வெறுஞ்சோறும் வேகின்றன. இரண்டுக்குமான எரிவாயுவும் மின்சாரமும் மாதக் கடைசியில் ரசீதாக வரும்போது கணவர் முகம் சுருங்குகிறது. இரண்டு பானைகளையும் நிறுத்தக் கூடாது என்பது என் கட்சி. ஊரைவிட்டு வந்தவருக்கு ஒரு குக்கர் சோறாவது தன் விருப்பப்படி வேக வேண்டும்.

இந்த வீட்டில் நான் கண்ட பெரிய சமாதானம் ஹம்சி. நம் நெத்திலியின் உறவான கருங்கடல் மீன் அது. குளிர்காலத்தில் சந்தை முழுவதும் வெள்ளியாகக் கொட்டிக் கிடக்கிறது, விலையும் மற்ற மீன்களைவிடக் குறைவு. கருங்கடற்கரைக்காரர்கள் அதைக் கல்லுப்பில் அடுக்கி ஊறவைப்பது வழக்கம். தோழியின் பங்கசினான், நெத்திலியை உப்பில் புளிக்கவைத்துச் செய்யும் பகூங்குக்குப் பெயர்போன மாகாணம், குறிப்பாக லிங்காயென். ஆக, ஒரே பால்கனியில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் நிற்கின்றன. மாமியாரின் ஜாடியில் மீன்கள் தலை கிள்ளப்பட்டு, ஓர் அடுக்கு உப்பு, ஓர் அடுக்கு மீன் என்று ஒழுங்காகப் படுத்திருக்கின்றன. மேலே கனத்துக்கு ஒரு கூழாங்கல். மருமகளின் ஜாடியில் மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு சேர்த்துப் பிசைந்து, மாதக்கணக்கில் விட்டு, மீன் கரைந்து சாம்பல் கலந்த பழுப்பு நிறக் குழம்பாகியிருக்கிறது. மூடியைத் திறந்ததும் வருகிற நெடி கூடத்தைத் தாண்டிப் படிக்கட்டுவரை போகிறது. கீழ்வீட்டார் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் புகார் எழுத, குடியிருப்பு நிர்வாகி கதவைத் தட்டியிருக்கிறார். அவருக்குப் பதில் சொன்னவர் மாமியார். ஹம்சியின் வாசனை தாங்காதவர் கடலோர நகரத்தில் குடியிருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். இதைச் சொல்லும்போது தோழியின் கண் கலங்கியது.

அந்த ஞாயிறு இரவில் நான் சாப்பிட்ட சாப்பாட்டை வாழ்நாளில் மறக்க மாட்டேன். மாமியார் ஹம்சி பிலாவ் செய்தார். முள் நீக்கி விரித்த மீன்களை வெண்ணெய் தடவிய வட்டத் தட்டின் அடியிலும் சுவரிலும் பூவிதழ்போல் அடுக்கி, வெங்காயம், பைன் கொட்டை, சிறு உலர்திராட்சை சேர்த்து அரைவேக்காடாகச் சமைத்த சோற்றை உள்ளே நிரப்பி, மேலேயும் மீனால் மூடி, ஓவனில் சுட்டு, பெரிய தட்டில் ஒரே வீச்சில் கவிழ்த்தார். மேல்தோல் பொன்னிறமாக மொறுமொறுவென்று இருந்தது; உள்ளே சோறு மீனின் சாற்றைக் குடித்து உதிரி உதிரியாக இருந்தது. பக்கத்தில் தோழி வைத்த சினிகாங் என்ற பிலிப்பினோப் புளிப்புச் சூப். வழக்கமாக எலுமிச்சையையும், வசந்தத்தில் கிடைக்கும் பச்சைப் புளிப்புப் பிளம்ஸையும் போட்டுச் சமாளிப்பவருக்கு, நான் துபாயிலிருந்து கொண்டுபோன ஒரு கிலோ புளி பொக்கிஷமாகிவிட்டது. அந்தப் புளிநீரில் வெந்த கடல்மீனை மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பகூங்கும் சேர்ந்த பினக்பெட்டும் இருந்தது. அதற்குப் பாகற்காய் வேண்டும். துருக்கியில் அது பெரும்பாலும் ஆலிவ் எண்ணெயில் ஊறிய வயிற்று மருந்தாகத்தான் கிடைக்கிறது என்பதால் அதில்லாமலே சமைக்கிறார்.

பகலில் தோழியோடு திருப்பலிக்குப் போயிருந்தேன். கடிக்கோயிலிருந்து கராக்கோய்க்குப் படகு, அங்கிருந்து மேட்டுக்கு 1875இல் திறந்த ட்யூனெல் சுரங்க ரயில், பிறகு இஸ்திக்லால் தெருவில் நடை. புனித அந்தோணியார் தேவாலயம் செங்கல் சிவப்பில் தெருவைவிட்டு உள்ளடங்கி நிற்கிறது. 1912இல் கட்டி முடித்தது. ஆங்கிலத் திருப்பலியில் பிலிப்பினோ முகங்கள் ஏராளம். முடிந்ததும் முற்றத்தில் கூடி ஊர்ச் செய்தி பேசுகிறார்கள். வாரத்தில் அந்தச் சில மணி நேரம்தான் தோழி தன் மொழியில் வாய் வலிக்கப் பேசுகிறார். துருக்கியில் டிசம்பர் 25 வேலை நாள். பிலிப்பைன்ஸில் செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் பாட்டு தொடங்கிவிடும். இந்த வீட்டில் செப்டம்பரில் சன்னலில் ஏறும் நட்சத்திர விளக்கு, துருக்கியர் புத்தாண்டுக்காக மரம் அலங்கரிக்கும் வழக்கத்தோடு கலந்து ஜனவரிவரை எரிகிறது. 2025இல் ரமலானும் தவக்காலமும் மார்ச் முதல் வாரத்தில் அடுத்தடுத்துத் தொடங்கியபோது, மருமகள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடமாட்டார் என்று மாமியார் அன்றைய நோன்பு திறக்கும் உணவை மீனாக்கிவிட்டார். வீட்டில் பன்றி இறைச்சி கிடையாது; பிலிப்பினோக் கறியான அடோபோவைக் கோழியில் செய்துகொள்கிறார் தோழி. இவை பேசித் தீர்ந்த விஷயங்கள்.

தீராதது பணம். தோழி அக்கம்பக்கக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிறார். அதில் ஒரு பகுதி பங்கசினானில் இருக்கும் அம்மாவுக்கும் தம்பி மகனின் படிப்புக்கும் போகிறது. துருக்கியில் 2022 அக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. லிரா சரியச் சரிய, அதே தொகை பெசோவாக மாறும்போது பாதியாகிக்கொண்டே வந்தது. அம்மாவுக்கு அனுப்புவதைக் கணவர் ஒருநாளும் கேட்டதில்லை. பெற்றோரைத் தாங்குவது துருக்கியிலும் கடமைதான். தம்பி மகனின் கட்டணத்துக்குத்தான் வாக்குவாதம். என் முன்னாலேயே ஒரு முறை நடந்தது. தோழியின் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அவர் துபாயில் முதல் வேலைக்குப் போகக் கடன் வாங்கிக் கொடுத்தவர் அந்தத் தம்பி. ஆனால் வாடகையும் லிராவில் ஏறிக்கொண்டே போகும் வீட்டில் கணவரின் பயமும் பொய்யல்ல.

இரண்டு ஊரையும் ஒட்டவைப்பவள் நான்கு வயது மகள். துருக்கியில் பெரியவர்களின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். பிலிப்பைன்ஸில் முத்தமில்லை, கையை நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். இரண்டு நாட்டுக்கும் ஐந்து மணி நேர வேறுபாடு என்பதால் பங்கசினான் பாட்டி தூங்கப்போகுமுன் மாலை நான்கு மணிக்கே காணொளி அழைப்பு. கீழ்த்தளப் பாட்டியின் கையை முத்தமிட்டுவிட்டு ஓடிவந்த குழந்தை, கைப்பேசித் திரையில் தெரிந்த அந்தப் பாட்டியின் கையில் தன் நெற்றியை 'டொக்' என்று மோதியது.

செலவுக்கு வருகிறேன். நள்ளிரவில் இறங்கும் விமானச் சீட்டு மலிவு என்று வாங்காதீர்கள். மிச்சமாகும் பணம் டாக்சியில் போய்விடும். இஸ்தான்புல் கார்டு ஒன்று வாங்கினால் மெட்ரோ, படகு, ட்யூனெல் எல்லாவற்றுக்கும் போதும். ஹம்சிக்காகப் போகிறவர்கள் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் போங்கள்.

கோடையில் இவர்கள் மாமியாரையும் அழைத்துக்கொண்டு பங்கசினான் போவதாகத் திட்டம். நான்கு விமானச் சீட்டுகளும் மாமியாருக்குப் புதிய கடவுச்சீட்டும் சேர்ந்து எவ்வளவு ஆகும் என்று சமையல்கட்டு மேசையில் காகிதம் வைத்துக் கூட்டினோம். இன்னும் பெரிய தொகை குறைகிறது. தோழி துருக்கிய மொழியில் டாக்சிக்காரரை அடக்குகிறார், கணவரோ பிலிப்பினோ மொழியான டகாலோக்கில் நலம் விசாரிப்பதோடு நின்றுவிடுகிறார். கோடைக்குள் உங்கள் மாமனார் மாமியாரோடு உட்கார்ந்து பேசும் அளவுக்காவது நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விடைபெறும்போது அவரிடம் நேராகவே சொன்னேன். மகளிடமே பாடம் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார். ஜூலையில் கேட்டுப் பார்க்கிறேன்.