சித்தப்பாவின் மொரிஸ் மைனரும் ஒழுங்கை முழுக்க மெக்கானிக்குகளும்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பழைய காரின் பொனெட்டைத் திறந்து வைத்தால் போதும், ஒழுங்கையில் இருக்கிற ஓய்வுபெற்றவர்கள் எல்லோரும் மெக்கானிக் ஆகிவிடுவார்கள். சித்தப்பாவின் 1959 மொரிஸ் மைனருக்குப் பொனெட்டைத் திறக்கவும் தேவை இருக்கவில்லை, கியர் போடும்போது வந்த சத்தத்துக்கே ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் ஓடுகிற எதற்கும் யானை விலை சொன்னார்களே, அந்த நாட்களில்தான் சித்தப்பா இதை வாங்கினார். "948 சீசீ எஞ்சின், இதில பழுதாகிறதுக்கு என்னடா இருக்கு" என்பது அவர் வாதம். பெயின்ட், சீற், வயரிங் எல்லாம் ஒருவழியாக முடிந்தது. கியர் மட்டும் வழிக்கு வரவில்லை. 1ஆம் கியர் போட்டால் கரகரவென்று ஒரு அலறல், ரிவேர்ஸ் அதைவிட மோசம், சிலநேரம் விழவே விழாது. கியர்த் தடியோ கஞ்சிப் பானைக்குள் விட்ட அகப்பை மாதிரி நாலு பக்கமும் ஆடும், எது நியூட்ரல், எது 3 என்று கார் நகர்ந்த பிறகுதான் தெரியும்.

சித்தப்பா இளைப்பாறிய கணித ஆசிரியர், எதற்கும் நிறுவல் வைத்திருப்பார். "மைனரில 1ஆம் கியருக்குச் சிங்க்ரோமெஷ் இல்லை. அது கத்தத்தான் செய்யும்." அதில் பாதி சரி. சிங்க்ரோமெஷ், அதாவது கியர்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சத்தமில்லாமல் விழவைக்கிற அமைப்பு, அதற்கு இல்லைதான், ஆனால் கார் நிற்கும்போது கிளச்சை மிதித்துக் கொஞ்சம் பொறுத்துப் போட்டால் சத்தமில்லாமல் விழவேண்டும். இது காலி வீதி சிக்னலில் நின்றாலும் அலறியது.

முன்வீட்டு அங்கிள், கியர்பொக்ஸ் முடிந்தது, இறக்கிவிடுங்கோ என்றார். மூலை வீட்டுக்காரர், 1962க்குப் பிறகு வந்த 1098 சீசீ மைனரின் பொக்ஸைத் தேடிப் போடச் சொன்னார். இன்னொருவர் தடித்த 90 ஒயில் ஊற்றினால் சத்தம் அமுங்கிவிடும் என்று சத்தியம் செய்தார். இந்த ஒயில் கதையை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். மைனரின் கியர்பொக்ஸுக்கு எஞ்சினுக்கு ஊற்றுகிற அதே ஒயில்தான், 90 ஒயில் பின் அக்சிலுக்கு.

கடைசியில் மருதானைப் பக்கமிருந்து ஒரு மெக்கானிக் நானா வந்தார். மைனர் என்றால் அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விசாரித்ததில் தெரிந்தது. வந்தவர் ஆயுதம் ஒன்றையும் எடுக்கவில்லை, பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே எஞ்சினை நிறுத்தச் சொல்லி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். 1, 2, 3, 4, ரிவேர்ஸ், எல்லாம் வெண்ணெயாக விழுந்தது. எஞ்சினைப் போட்டதும் மறுபடி அலறல்.

"மாஸ்டர், பொக்ஸ்ல கை வைக்க வாணாம். விழுந்த கியர் தானாப் பாய்ஞ்சு வெளிய வந்தாத்தான் உள்ளுக்குப் பழுது. எஞ்சின் ஓடக்குள்ள மட்டும் விழாட்டி அது கிளச்."

சித்தப்பாவுக்கு நிறுவல் போதவில்லை. சரி, 1ஆம் கியரில் போட்டுக் கிளச்சை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள் என்றார் நானா. சித்தப்பா பண்ணினார். கிளச் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒழுங்காகப் பிரித்து விட்டிருந்தால் கார் அசைந்திருக்காது. அது ஒரு துள்ளுத் துள்ளி, சித்தியின் துளசிச் சாடியில் போய் நின்றது. நானா முதலே பக்கவாட்டில் ஒதுங்கி நின்ற காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"உங்கட நிறுவலுக்கு என்ர துளசிதானோ கிடைச்சது?" என்று சித்தி வாசலிலிருந்து கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. முன்வீட்டு அங்கிள் மெல்ல வீட்டுக்குப் போய்விட்டார்.

மைனரின் கிளச்சுக்கு ஹைட்ரோலிக் எல்லாம் கிடையாது, பெடலிலிருந்து கம்பியும் நெம்புகோலும் போய் கிளச்சைத் தள்ளும். நான் டோர்ச் பிடித்துக் கீழே படுத்திருக்க, நானா அதில் ஒரு பின்னைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் அரைவாசி தேய்ந்திருந்தது. அது போகிற ஓட்டையும் முட்டை வடிவமாகியிருந்தது. மிதிக்கிற மிதியில் பெரும்பங்கு இந்த ஆட்டத்திலேயே கரைந்தால் கிளச் எப்படி விடும்? புதுப் பின்னை வாங்கப் போன ஓட்டோக் காசு பின்னின் விலையை விடக் கூட. லேத்தில் கொடுத்து ஓட்டைக்குள் புஷ் என்கிற சின்ன உலோக வளையம் அடித்துப் போட்டு, கம்பியின் நட்டைத் திருகிப் பெடலின் ஆட்டத்தைச் சரிசெய்ததும், ரிவேர்ஸ் ஒரு முனகல்கூட இல்லாமல் விழுந்தது. கிளச்சில் சும்மா காலை வைத்துக்கொண்டே ஓட வேண்டாம், உள்ளே இருப்பது கார்பன் பெயாரிங், உரசித் தேய்ந்துவிடும் என்று ஒரு எச்சரிக்கையும் கிடைத்தது. சித்தப்பா ஓடுகிற விதமே அதுதான்.

அப்புறம் அந்த ஆட்டம் போடும் தடி. அதன் அடியில், தடி கடகடக்காமல் ஒரு ஸ்பிரிங்கும் சின்ன முளையும் பக்கத்திலிருந்து அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கழற்றிப் பார்த்தால் முளையைக் காணவில்லை, ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில் போல்பொயின்ட் பேனையின் ஸ்பிரிங். யாரோ ஒரு பழைய சொந்தக்காரரின் கைவண்ணம். நானா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மூளைக்காரன்தான்" என்றார்.

அன்று பின்னேரம் மரைன் டிரைவில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்ததும் சித்தப்பா கொட்டாஞ்சேனைச் சிநேகிதருக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஓமோம், கியர்பொக்ஸ்தான். முழுக்க இறக்கிச் செய்தது. நானே பக்கத்தில நிண்டு செய்விச்சனான்."