மிட்ஜெட்டுக்குள் இரண்டு லீற்றர் எஞ்சினா?

மட்டக்களப்பு கல்லடியில் மச்சானின் கராஜில் நிற்கும் 1961ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட் என்ற சிறிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் 948 சிசி எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜப்பானிய 2 லீற்றர் எஞ்சினைப் பொருத்த வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். நான்கு சில்லுக்கும் டிரம் பிரேக்தான் (சில்லோடு சுழலும் உருளையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வகை). வேகம் இரட்டித்தால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்றும், டிரம் சூடேறினால் பிடி தளரும் என்றும் சொன்னேன். "கல்லடிப் பாலத்தில ஆரு மச்சான் பறக்கப் போறா?" என்று சிரித்தார்.

1964இல் சன்பீம் அல்பைன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்குள் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினை இறக்கி 'டைகர்' செய்தவர்கள்கூட ஸ்டியரிங்கையும் பின் அச்சையும் மாற்ற வேண்டியிருந்தது.

பிரேக்கை மாற்றிவிடலாம், எனக்குப் பயம் காரின் உடல்தான். அடியில் படுத்து, பின் ஸ்பிரிங்கின் பாரம் முழுவதையும் தாங்கும் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் தட்டினேன். கடல் உப்புக்காற்றில் ஊறிய கறள் பொருக்குப் பொருக்காக முகத்தில் உதிர்ந்தது. மச்சான் இப்போது வெல்டிங்காரரைத் தேடுகிறார்.