அழுத்தியது கிளிக்கா, இழுப்பா?

அச்சகத்துக்காக நான் எழுதும் விண்டோஸ் மென்பொருளில், புத்தகப் பக்கங்கள் ஒரு பட்டியலாக நிற்கும். வரியை மவுஸால் இழுத்து மேலும் கீழும் வரிசை மாற்றலாம். ஒவ்வொரு வரியிலும் பக்கத்தின் சிறு படம் வர வேண்டும் என்பதால் பட்டியலை நானே வரைகிறேன். ஆகவே இழுப்பைக் கண்டறிவதும் என் பொறுப்பு.

பொத்தானை அழுத்தும்போதே சுட்டி ஓரிரு பிக்சல் நகர்ந்துவிடும். அதையே இழுப்பாகக் கொண்டால், பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வந்தவருக்கு வரிசையே கலைந்துவிடும். அதனால், சுட்டி எவ்வளவு நகர்ந்தால் இழுப்பு என்பதற்கு ஓர் எல்லை தேவை. விண்டோஸில் இயல்பாக 4 பிக்சல். ஜன்னல், பொத்தான் போன்றவற்றை உருவாக்க உதவும் நிரல் தொகுப்புகளில், ஜிடிகே 8 வைத்திருக்கிறது. கியூட்டியில், இயங்குதளம் வேறு சொல்லாவிட்டால் 10.

இந்த எண்ணை நிரலில் எழுதிவைக்கக் கூடாது, கெட்சிஸ்டம்மெட்ரிக்ஸ் என்ற விண்டோஸ் செயல்கூறு மூலம் கணினியிடமே கேட்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் பெரியவருக்குக் கை நடுக்கம் உண்டு. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், அவருடைய கணினியில் மட்டும், இந்த எல்லையின் அகலமும் உயரமுமான டிராக்வித், டிராக்ஹைட் இரண்டையும் 12 ஆக்கிக் கொடுத்திருக்கிறோம். மென்பொருள் தன்போக்கில் 4 என்று முடிவுசெய்தால் அந்த ஏற்பாடு அவருக்குப் பயன்படாது.

இதைவிட நுணுக்கமானது, பல வரிகள் தேர்வில் இருக்கும் நிலை. ஐந்து பக்கங்களைத் தேர்ந்தெடுத்தவர் அவற்றில் ஒன்றின்மேல் அழுத்துகிறார். அழுத்திய உடனே தேர்வை அந்த ஒரு வரிக்குச் சுருக்கினால் ஐந்தையும் சேர்த்து இழுக்கவே முடியாது. எனவே தேர்வில் இல்லாத வரி என்றால் அழுத்தியதும் தேர்வு மாறும். ஏற்கெனவே தேர்வில் உள்ள வரி என்றால் காத்திருக்கிறேன். சுட்டி எல்லையைத் தாண்டினால் ஐந்தும் நகரும். தாண்டாமல் பொத்தானை விட்டால் அப்போதுதான் தேர்வு ஒன்றாகச் சுருங்கும். எந்த வரி இழுபடுகிறது என்பதையும் அழுத்திய புள்ளியை வைத்தே தீர்மானிக்கிறேன். எல்லை 12 பிக்சலாக இருக்கும்போது, வரியின் விளிம்பில் அழுத்தியவரின் சுட்டி அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருக்கும்.

அழுத்தியவுடன், மவுஸின் அசைவுகளை என் ஜன்னலுக்கே அனுப்பவைக்கும் செட்கேப்சர் என்ற விண்டோஸ் செயல்கூற்றை அழைத்துவிடுவதால் சுட்டி ஜன்னலுக்கு வெளியே போனாலும் அதன் அசைவுகள் வந்து சேரும். எஸ்கேப் விசையை அழுத்தினாலும், நடுவில் வேறு ஜன்னல் மவுஸைப் பறித்துக்கொண்டாலும் இழுப்பை ரத்து செய்கிறேன். பக்கங்கள் பழைய வரிசையிலேயே நிற்கும். பட்டியலின் விளிம்பை நெருங்கும்போது அது தானாக உருள வேண்டும். இனி அந்த வேலையில் இறங்க வேண்டும்.