அம்பு முனை இல்லாத கோடுகள்

ரேடியோ வானியலில் என் வேலையில் பாதிக்கு மேல் கோணம் சரிபார்ப்பதிலேயே போனது. முதலில் என் மேசைக்கு வந்தவை, நம் பால்வீதிக்கு அண்டை விண்மீன் திரளான ஆண்ட்ரோமெடாவின் காந்தப்புலத்தைப் படமாக்குவதற்கான தரவுகள். ஜெர்மனியின் ஐஃபெல் மலைப் பள்ளத்தாக்கில் நிற்கிற எஃபெல்ஸ்பெர்க் 100 மீட்டர் தொலைநோக்கி, 6, 11 செ.மீ. அலைகளில் எடுத்தவை.

வானத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வருடி எடுப்பார்கள். ஒரே திசையில் வருடினால், மேகம் கடந்துபோன நேரமெல்லாம் படத்தில் பட்டையாக விழுந்துவிடும். இரண்டு திசைகளையும் பாய் முடைவதுபோல் பின்னினால் பட்டை மறையும். அப்புறம் 3சி 286 என்ற குவேசாரை, அதாவது வெகுதொலைவில் பிரகாசிக்கும் ஒரு விண்மீன் திரளின் மையத்தை, பார்க்க வேண்டும். அதன் முனைவாக்கக் கோணம், அதாவது அலை அதிரும் கோணம், 33 டிகிரி என்று தெரியும். அது சரியாக வராவிட்டால் மற்ற எந்தக் கோணத்தையும் நம்ப முடியாது.

காந்தப்புலம் நேரடியாகக் கண்ணில் படாது. ஒளிவேகத்தை ஒட்டிப் பாயும் எலக்ட்ரான்கள் புலத்தில் சுழன்று ரேடியோ அலையை உமிழ்கின்றன. அந்த அலை புலத்துக்குச் செங்குத்தாக அதிரும். முதல் படத்தில் 90 டிகிரி திருப்ப மறந்துவிட்டேன். புலத்தின் திசையைக் காட்ட வேண்டிய சிறு கோடுகள் எல்லாம் ஆண்ட்ரோமெடாவின் வாயு வளையத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றன. நிரலில் ஒரே வரியைத் திருத்தினேன். அத்தனை கோடுகளும் திரும்பி, மையத்திலிருந்து 30,000 ஒளியாண்டுக்கு மேல் தள்ளியிருக்கும் அந்த வளையத்தோடு படிந்துகொண்டன. வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கோடுகளுக்கு அம்பு முனை கிடையாது. புலம் இந்தப் பக்கம் போகிறதா, அந்தப் பக்கமா என்று அவை சொல்லாது. அதைச் சொல்வது ஃபாரடே சுழற்சி. வழியில் உள்ள எலக்ட்ரான்களும் புலமும் சேர்ந்து அலையின் கோணத்தைத் திருப்பிவிடுகின்றன. அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி. 6 செ.மீ.யில் 20 டிகிரி என்றால் 11 செ.மீ.யில் 67. பல மாதங்கள் அதை, கழித்துத் தள்ள வேண்டிய இடைஞ்சலாகவே நினைத்திருந்தேன்.

ஒரு மாலை, கழித்த எண்களையே எடுத்து வளையத்தைச் சுற்றி வரைந்தேன். நம் பால்வீதியின் பங்கை நீக்கியதும் மிஞ்சியது, அலைபோல் ஒரே ஒரு முறை ஏறி இறங்கும் வளைவு. ஒரு பக்கம் புலம் நம்மை நோக்கி வருகிறது, எதிர்ப் பக்கம் விலகிப் போகிறது. அப்படியென்றால் வளையம் முழுக்கப் புலம் ஒரே திசையில் சுற்றுகிறது! பூமியின் காந்தத்தில் கிட்டத்தட்ட லட்சத்தில் ஒரு பங்குதான் அதன் வலிமை. ரைனர் பெக் போன்றவர்கள் 1980களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்த விஷயம்தான். படித்தும் இருக்கிறேன். என் கையால் வரைந்து பார்த்தபோதுதான் அது மனதுக்குள் இறங்கியது.

அச்செடுத்த படத்தில் அன்றைக்குத்தான் பென்சிலால் முதல் அம்பு முனையைப் போட்டேன்.