ஹாஷெக் குறிப்புகள்

29 ஜனவரி 2025, புதன்

டொமினிக் ஹாஷெக்குக்கு இன்று அறுபது வயது. அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் பார்டுபிட்சே நகரத்துக்காரர். பதினாறு வயதிலேயே ஊரின் ஐஸ் ஹாக்கி அணிக்குக் கோல்கீப்பர். 1987இலும் 1989இலும் நாட்டுப் பட்டத்தை அந்த அணி வென்றது. வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்கில் சிகாகோ பிளாக்ஹாக்ஸ், அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1983இலேயே அவரை எடுத்து வைத்திருந்தது, அதுவும் 199ஆவது ஆளாக. அங்கே அவர் போய்ச் சேர்ந்தது 1990இல். அப்போது வயது இருபத்தைந்து.

"விழுந்து புரண்டு எப்படியோ பிடிச்சிடுவான்" என்பதுதான் அவரைப் பற்றி வெகுநாள் ஓடிய பேச்சு. அந்த "எப்படியோ"வில் எனக்கு உடன்பாடில்லை. அவர் விழுந்ததெல்லாம் கணக்கோடு விழுந்தது.

2 பிப்ரவரி, ஞாயிறு

அந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். ஐஸ் ஹாக்கி கோலின் அகலம் 183 செ.மீ., உயரம் 122 செ.மீ. அடிப்பவர் 6 மீட்டர் தள்ளி நிற்கிறார், கோல்கீப்பர் கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னால் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் அவர் அடைக்க வேண்டியது 137 செ.மீ. அகலமும் சுமார் 92 செ.மீ. உயரமும்தான். பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டான பக் தரையிலிருந்து கிளம்புவதால், முன்னால் வர வர உயரமும் குறைகிறது.

அடிப்பவர் 2 மீட்டருக்குள் வந்துவிட்டால்? கோல்கீப்பர் 1 மீட்டர் முன்னால் இருந்தால் அடைக்க வேண்டிய உயரம் 61 செ.மீ. மட்டும். ஹாஷெக்கின் உச்சகாலத்தில் கால் பேடின் அகலம் 12 அங்குலம் வரை போகலாம், அதாவது 30.5 செ.மீ. பக்கவாட்டில் படுத்து ஒரு பேடின் மேல் இன்னொன்றை அடுக்கினால் சரியாக 61! அவ்வளவு கிட்டத்தில் நின்றுகொண்டிருப்பவனைவிடப் படுத்திருப்பவன் பாதுகாப்பானவன்.

எங்கே கோளாறாகும்? சீக்கிரம் படுத்தால். அடிப்பவர் இன்னும் 4 மீட்டர் தள்ளி இருக்கும்போதே, 1 மீட்டர் முன்னால் வந்து படுத்துவிட்டால் தேவைப்படும் உயரம் 92 செ.மீ. ஆகிவிடும், மேலே சுமார் 30 செ.மீ. இடைவெளி. மற்றவர்கள் சறுக்கியது இந்த இடத்தில். ஹாஷெக் எதிராளி முடிவெடுக்கும்வரை காத்திருந்து, கடைசியில்தான் சாய்வார்.

5 பிப்ரவரி, புதன்

சிகாகோவில் எட் பெல்ஃபோருக்குப் பின்னால் இரண்டாம் ஆள். 1992இல் பஃபலோ சேபர்ஸுக்கு மாற்றினார்கள். அங்கேயும் முன்னால் கிராண்ட் ஃபியூர். 1993-94இல் ஃபியூருக்குக் காயம்பட்டதும் வாசல் திறந்தது. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 1.95 கோல்தான் விட்டார், வந்ததில் 93 விழுக்காட்டைத் தடுத்தார். 27 ஏப்ரல் 1994 அன்று நியூ ஜெர்சி டெவில்ஸுக்கு எதிராக நான்கு கூடுதல் பகுதிகள் வரை நீண்ட ஆட்டத்தில் 70 தடுப்புகள், 1-0 வெற்றி. அடுத்த ஆட்டத்தில் அணி தோற்று வெளியேறியது வேறு விஷயம்.

1998-99 இன்னும் மேல். 1,877 அடிகளில் 119 கோல், அதாவது 93.7 விழுக்காடு. லீக் சராசரி அப்போது 90.8 அளவில். சராசரிக் கோல்கீப்பர் ஒருவர் அதே அடிகளை வாங்கியிருந்தால் 170க்கு மேல் விட்டிருப்பார். ஐம்பது சொச்சம் கோலை ஒரே ஆள் விழுங்கியிருக்கிறார். அதிர்ஷ்டம் ஒரு பருவத்தில் இத்தனை தடவை வராது.

9 பிப்ரவரி, ஞாயிறு

அவருடைய உருளலைப் பழைய பதிவுகளில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மூன்று அசைவு தெரியும். பக் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்குப் பாஸ் ஆகிறது. எழுந்து தள்ளிப் போக நேரமில்லை. முதலில் தோளைத் தரையில் ஊன்றி மல்லாக்கப் புரள்வார். இரண்டாவது, இடுப்பை ஒட்டி இரண்டு காலையும் மேலே தூக்கி வீசுவார். மூன்றாவது, பேடுகள் காற்றில் ஒரு வீச்சாகப் போய்த் தூரக் கம்பத்துப் பக்கம் இறங்கும். பக் எந்த உயரத்தில் வந்தாலும் வழியில் ஏதாவது இருக்கும். பிழை என்னவென்றால், அந்த ஒரு கணம் கண் பக்கை விட்டு விலகும். மறுபடி அடி வந்தால் அவ்வளவுதான்.

இன்னொன்று, ஸ்டிக்கைக் கீழே போடுவது. கோல்கீப்பர் ஸ்டிக்கை விடக் கூடாது என்பது பாலபாடம். கோல்வாயில் உருளும் பக்கை ஸ்டிக்கால் தட்டினால் அது இன்னொருவன் காலடிக்குப் போகலாம். கையால் அமுக்கினால் விசில், ஆட்டம் நிற்கும். அதனால் பிளாக்கர் என்ற பலகை போன்ற கையுறை மாட்டிய கையிலிருந்து ஸ்டிக்கை உதறிவிட்டு, அந்தக் கை விரல்களாலேயே பக்கை அள்ளுவார். அமுக்கத் தவறினால் தரையை மூட ஸ்டிக் இல்லை, விரலில் எவனுடைய ஸ்கேட் ஏறினாலும் ஏறும்.

20 பிப்ரவரி, வியாழன்

நாகானோ குளிர்கால ஒலிம்பிக், 1998. இதே நாளில் கனடாவுக்கு எதிரான அரையிறுதி. ஒரு நிமிடம் சொச்சம் மிச்சமிருக்கையில் டிரெவர் லிண்டன் சமன் செய்தார், 1-1. பெனால்டி ஷூட்டிங். செக் தரப்பில் ராபர்ட் ரைகெல் கனடா கோல்கீப்பர் பாட்ரிக் ருவாவைத் தாண்டிப் போட்டார். கனடாவின் ஐவர்: ஃப்ளூரி, போர்க், நியூவென்டைக், லின்ட்ரோஸ், ஷனஹன். ஒருவருக்கும் கோல் இல்லை. நியூவென்டைக் வெளியே அடித்தார், லின்ட்ரோஸின் பக் கம்பத்தில் பட்டது. இதையும் அதிர்ஷ்டம் என்பார்கள். ஆனால் எல்லோருக்கும் எதிரே ஒரே முறைதான்: வெகுதூரம் முன்னால் வருவது, எதிராளியின் வேகத்திலேயே பின்வாங்குவது, அவன் பக்கை எந்தப் பக்கம் இழுக்கிறான் என்று தெரியும்வரை அசையாமல் இருப்பது. கிடைக்கும் சந்து சிறுத்துவிட்டதால்தான் அடி கம்பத்தோரம் போகிறது.

கனடாவின் பெரும் நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியை அந்த ஐவரில் சேர்க்கவில்லை. கனடாக்காரர்கள் இன்னும் ஆறவில்லை.

22 பிப்ரவரி, சனி

இறுதியில் ரஷ்யா, 1-0. பெட்ர் ஸ்வோபோடாவின் கோல். ஹாஷெக் விட்டது பூஜ்யம்.

1 மார்ச், சனி

19 ஜூன் 1999, என்எச்எல் பட்டமான ஸ்டான்லி கோப்பையின் இறுதிச் சுற்றில் ஆறாவது ஆட்டம், மூன்றாவது கூடுதல் பகுதி. டாலஸின் பிரெட் ஹல் அடித்ததை ஹாஷெக் தடுக்கிறார். திரும்பி வந்த பக்கை ஹல் இடது ஸ்கேட்டால் தன் ஸ்டிக்குக்குத் தள்ளி, கீழே கிடந்தவரைத் தாண்டிப் போடுகிறார். ஸ்கேட், கோலுக்கு முன்னால் கோடு போட்ட கோல்வாய்ப் பரப்புக்குள். பக் வருமுன் ஆள் உள்ளே இருந்தால் கோல் செல்லாது என்பது அன்றைய விதி. பக் அவர் கட்டுப்பாட்டில் இருந்தது, ஆகவே செல்லும் என்றது லீக். அடுத்த பருவத்திலிருந்து அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். பஃபலோவில் இந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் ஓயாது.

8 மார்ச், சனி

அப்படி மடங்கிய இடுப்புக்குத் தர வேண்டிய விலை கவட்டுத் தசை. கிரிக்கெட் வர்ணனையில் குரோயின் என்பார்களே, அது. தொடையை உள்பக்கம் இழுப்பது அந்தத் தசையின் வேலை. காலை வெளியே எறியும்போது பேடின் எடையோடு அது நீளவும் வேண்டும், நீண்டுகொண்டே காலை நிறுத்தவும் வேண்டும். கிழிவது அப்போதுதான்.

2001இல் டெட்ராய்ட் அணி, 2002இல் ஸ்டான்லி கோப்பை, ஓய்வு, மறுபடி வருகை. 2003-04இல் இந்தக் காயத்தால் 14 ஆட்டத்தோடு சரி. 2006 டூரின் ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு எதிராக முதல் பகுதியிலேயே வெளியேறினார். அப்போது அவர் இருந்த ஒட்டாவா அணிக்கு அந்தப் பருவத்தில் அதன்பின் ஆடவேயில்லை. 2008இல் டெட்ராய்டில் இரண்டாம் கோப்பை, ஆனால் பாதியில் கிறிஸ் ஆஸ்குட் இடத்தைப் பிடித்துவிட்டார். பிறகு 2010இல் பார்டுபிட்சேவுக்கு மறுபடி பட்டம், மாஸ்கோ ஸ்பார்டக்கில் ஒரு பருவம், 2012 அக்டோபரில் முற்றாக ஓய்வு.

என்எச்எல்லில் 735 ஆட்டம், 389 வெற்றி, 81 ஷட் அவுட் (கோலே விடாத ஆட்டம்), 92.2 விழுக்காடு தடுப்பு. ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையை இரண்டு முறை வாங்கிய கோல்கீப்பர் வேறு எவருமில்லை.

பழகும் பையன்கள் உருளலைப் பார்த்துச் செய்ய ஆசைப்படுவார்கள். இடுப்பு அப்படித் திரும்பாதவனுக்கு அது வேண்டாம். முன்னால் வருவதையும், எதிராளி வேகத்தில் பின்வாங்குவதையும், காத்திருப்பதையும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஸ்கேட்டின் விளிம்பைப் பழக்கினால் போதும்.