எர்லிக்கின் கணக்கு எங்கே சறுக்கியது?

பால் எர்லிக் அடிப்படையில் பட்டாம்பூச்சி ஆய்வாளர். இரை தீர்ந்தால் பூச்சிக்கூட்டம் சரியும் என்ற கணக்கை 1968-ல் ‘பாபுலேஷன் பாம்ப்’ நூலில் மனிதருக்கும் போட்டார். 70-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்றார். அந்த அளவுக்கு நடக்கவில்லை.

வேர் பழசு. மக்கள்தொகை 1, 2, 4, 8 என்று பெருகும், உணவு 1, 2, 3, 4 என்றுதான் கூடும் என்று 1798-லேயே ஆங்கிலேயப் பொருளியலாளர் மால்தஸ் எழுதிவிட்டார். அதை நிலவளம், மண்ணரிப்பு என்று சூழலியல் பக்கம் திருப்பியவர் வில்லியம் வோக்ட் (1948). எர்லிக் மாணவராக இருந்தபோது படித்தது அவரைத்தான்.

1980-ல் பொருளியலாளர் ஜூலியன் சைமனோடு பந்தயம். மக்கள் பெருகினால் வளம் அரிதாகி உலோக விலை ஏறும் என்பது எர்லிக் பக்கம், ஏறாது என்பது சைமன் பக்கம். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன், ஒவ்வொன்றும் 200 டாலருக்கு, நிஜமாக வாங்காமல் காகிதக் கணக்கில் மட்டும். பத்தாண்டில் பணவீக்கம் கழித்து விலை ஏறினால் சைமன் வித்தியாசத்தைத் தரவேண்டும், இறங்கினால் எர்லிக். ஐந்துமே இறங்கின. 1990-ல் எர்லிக் அனுப்பிய காசோலை 576.07 டாலர். (வேறு பல பத்தாண்டுகளை எடுத்திருந்தால் அவரே ஜெயித்திருப்பார், அது தனிக்கதை!)

பூச்சி இரை தீர்ந்தால் சாகும். மனிதன் அதிக விளைச்சல் தரும் குட்டைரகக் கோதுமை போடுவான், பிள்ளைகளையும் குறைத்துக்கொள்வான். 60-களில் பெண்ணுக்குச் சராசரி 5 குழந்தைகள், இப்போது 2.3-க்குப் பக்கம். கணக்கில் விடுபட்டது இதுதான்.